கற்பூரப் பொட்டலம் மாஸ்க் ஆகாது

“கைக்குட்டையில் கற்பூரம், ஓமம், கிராம்பு முடிந்து முகர்ந்துகொண்டே போனால் போதும், ஆஸ்பத்திரியில் மாஸ்க் வேண்டாம், காய்ச்சல் ஒட்டாது” என்று நெல்லை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

கற்பூர வாசம் மூக்கில் குளிர்ச்சி உணர்வைத் தூண்டும். அதனால் மூச்சு லேசானதுபோல் தோன்றும், அவ்வளவுதான். கிருமி சாகாது, ரத்தத்தில் ஆக்சிஜனும் கூடாது. சிறுபிள்ளை அந்தக் கட்டியை விழுங்கினால் வலிப்பே வரலாம்.

நோயாளியைப் பார்க்கப் போவது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, மூன்றடுக்கு மாஸ்க் போட்டுப் போங்கள். மேல்விளிம்புக் கம்பியை மூக்குத்தண்டின் இருபுறமும் அழுத்தி, கீழ்ப்பகுதியை நாடிக்கு அடியில் இழுத்துவிடுங்கள். மூச்சு விடும்போது மூக்குக்கண்ணாடி மங்கினால் மேலே இடைவெளி இருக்கிறது. பலரும் தவறுவது பேசும்போதுதான்: படுத்திருக்கும் பெரியவருக்குக் காது கேட்கவில்லையே என்று மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டுக் குனிகிறார்கள். மாஸ்க் மிகவும் தேவைப்படுவது அந்த நொடியில்தான்.

வார்டுக்குள் நுழையும்போதும் வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். உங்களுக்கே லேசான சளி, தொண்டைவலி இருந்தால் போனில் விசாரியுங்கள். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு 1 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். கைக்குழந்தையைக் கூட்டிப் போகவே வேண்டாம். கஞ்சி கொண்டுபோனால், துணைக்கு இருப்பவரை வாசலுக்கு வரச்சொல்லித் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிடுங்கள்.