முழு வீடியோவையும் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்

திருவிழா முடிந்த நாளிலிருந்து நம் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை, எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவின் தையல்கடை அண்ணன் மேடையில் ஒருவராகவே ஆண், பெண் இரு குரலிலும் டூயட் பாடுகையில் குரல் தடுமாறுவதாகக் காட்டும் துண்டு வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். யார் எடுத்தார், யார் வெட்டினார், யார் அதன் மேல் 'கிரிஞ்ச்' என்று எழுதிக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக ஒட்டினார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெயரைச் சொல்லி அவரை இன்னும் பிரபலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் மதுரையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "இது உங்க சித்தப்பா குழுவாமே?" என்று கேட்டு அதே வீடியோவை எனக்கே அனுப்பிவைத்த பிறகு, வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

தையல்கடை அண்ணன் அந்த இடத்தில் குரல் உடைந்து தடுமாறவில்லை. தடுமாறுவதுபோல் பாடினார். டூயட்டில் ஆண் பகுதியைப் பாடும்போது துண்டு வலது தோளில் கிடக்கும். பெண் பகுதி வந்ததும் துண்டு இடது தோளுக்குப் போகும், குரலும் கூடவே மாறும். இரண்டாவது சரணத்தில் வேண்டுமென்றே துண்டை மாற்ற மறந்து, பெண் பாட வேண்டிய வரியை ஆண்குரலில் தொடங்கி, பாதியில் பதறிப்போய்ப் பெண்குரலுக்குத் தாவுவார். அதன்பின் மேடையிலேயே அந்த இருவருக்கும் சண்டை மூளும். "என் வரியை நீங்க எதுக்குங்க பாடுறீங்க?" என்று பெண்குரல் கேட்கும், "மைக்செட்டு வாடகை நான்ல குடுத்திருக்கேன்!" என்று ஆண்குரல் எகிறும். சண்டை உச்சத்துக்குப் போகும்போது தபேலா உள்ளே நுழையும், அண்ணன் தாளம் இம்மியும் பிசகாமல் பல்லவியில் வந்து நிற்பார். வீடியோவை வெட்டியவர் குரல் தாவும் இடத்தோடு நிறுத்திவிட்டார். நகைச்சுவையின் முன்பாதியை மட்டும் காட்டிவிட்டு, பாடத் தெரியாதவர் என்று ஊருக்கு அறிவிப்பதற்குப் பெயர் விமர்சனமாம்.

இந்தக் குழுவை நேற்று முளைத்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை, தபால்காரர், தையல்காரர், என் சித்தப்பா எனக் கையில் காசில்லாத சிலர் சேர்ந்து தொடங்கிய மெல்லிசைக் குழு இது. கம்பம் பள்ளத்தாக்கில் அப்போது பாட்டுக்குழு தொடங்குவது ஒன்றும் விநோதமான காரியமல்ல. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, சினிமா மெட்டுகளில் கம்யூனிஸ்ட் கட்சிப் பாட்டுகளைக் கட்டிப் பாடிய மண் இது. 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு மலையேறிப்போய்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே செய்த வேலையைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவார்கள். அந்தக் குழுவில் தொடக்கத்தில் பெண்குரல் பாட்டுகளைப் பாடியவர் யார் தெரியுமா? சிறுவனாக இருந்த அவர் தம்பி இளையராஜா. நல்லவேளை, அன்றைக்குக் கைப்பேசி இல்லை. இருந்திருந்தால் நம் ஊர் ரசிகமணி ஒருவர் அவரையும் வெட்டி ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

எங்கள் குழுவில் இருந்து யாரும் கோடம்பாக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. நன்றாகப் பாடுகிற குழுக்கள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் எத்தனையோ இருந்தன. இவர்களால் அவர்களோடு போட்டி போட முடியாது என்பது இவர்களுக்கே தெரியும். அதனால்தான் சிரிக்கவைக்கத் தொடங்கினார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் சிலருக்கு ஏறுவதில்லை: அந்தப் பிழைகள் பிழைகள் அல்ல, ஒத்திகை பார்த்துச் செய்தவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சித்தப்பாவின் கேசியோ கீபோர்டு ஒருமுறை சின்னமனூர்ப் பக்கம் கச்சேரி நடந்தபோது மழையில் நனைந்து, நடுவில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. பழுதுபார்க்கப் பணமில்லை. ஊமைக் கட்டையின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு, அந்தச் சுரம் வரும் இடத்தில் எல்லாம் சித்தப்பா மைக்கில் வாயாலேயே "டொய்ங்" என்று அதை நிரப்பத் தொடங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. பாட்டு வாத்தியார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, சுருதி பிசகாமல் "டொய்ங்". முன்வரிசைப் பிள்ளைகள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து கூடவே கத்தும். பிறகு யாரோ புண்ணியவான் இலவசமாகக் கட்டையைச் சரிசெய்து கொடுத்தபோது, அடுத்த திருவிழாவில் கூட்டம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வாயால வாசிங்கண்ணே!" என்று ஒரே கூச்சல். நன்றாக இருந்த கட்டையின் மேல் சித்தப்பா மறுபடியும் டேப்பை ஒட்டினார். இதைத் தெரியாத ஒருவர் பார்த்தால், "பாவம், கீபோர்டுகூட ஒழுங்காக இல்லை" என்றுதான் எழுதுவார். எழுதட்டும். ஆனால் நம் ஊரிலேயே பிறந்து, அந்த முன்வரிசையிலேயே உட்கார்ந்து "டொய்ங்" என்று கத்தி வளர்ந்தவர், சென்னையில் வேலை கிடைத்ததும் எதுவும் தெரியாதவர்போல் வீடியோ போடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சிரிக்கவைப்பதுதானே நோக்கம், நாங்களும் சிரிக்கத்தானே செய்தோம்" என்று வீடியோவின் கீழே ஒருவர் சாமர்த்தியமாகக் கேட்டிருந்தார். நீங்கள் சிரித்தது அவர் சொன்ன நகைச்சுவைக்கு அல்ல. அவர் சட்டைக்கு, வயதுக்கு, வாங்க வசதியில்லாத ஒலிபெருக்கிக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் புரியாததுபோல் நடிக்க வேண்டாம்.

"ஆண் பெண்குரலில் பாடுவது பெண்களைக் கேலி செய்வதில்லையா?" என்று கேட்ட தங்கையின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் தன் வீட்டுப் பெண்ணை மேடையேற்ற ஒருவரும் தயாராக இல்லை. மதுரையிலிருந்து பாடகியை அழைத்துவர வண்டிச் செலவுக்கே திருவிழாக் கமிட்டி கொடுக்கும் பணம் போதாது. இடையில் சில வருடங்கள் உள்ளூர்ப் பெண் ஒருவர் பாட வந்தபோது, அண்ணன் ஒரு சொல் முணுமுணுக்காமல் அத்தனை பெண் பாட்டுகளையும் அவரிடம் விட்டுவிட்டு ஓரமாக டாம்பரின் தட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பாட அனுப்பவில்லை. அனுப்பாதவர்கள் யார் என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, சட்டம் படித்த தம்பி ஒருவர். "அடுத்தவர் பாட்டைப் பாடுவது காப்புரிமை மீறல்" என்கிறார். 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனதை மேற்கோள் காட்டி மிரட்டுகிறார். எஸ்.பி.பி. அமெரிக்காவில் நடத்திய கச்சேரிகளுக்கும், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியவில்லை போலும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவைத் தம்பி ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பொழுதுபோக்காக நடத்தும் மன்றங்கள் கட்டணம் வாங்காத கூட்டத்துக்கு முன்போ, சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ பாடினால் அது மீறலாகாது என்று அதிலேயே இருக்கிறது. கமிட்டி பணம் கொடுக்கிறதே என்று உடனே தாவாதீர்கள். அந்தப் பணம் மைக்செட்டுக்கும் வேனுக்கும் போய், மீதியில் இரவுச் சாப்பாடு புரோட்டாவா இட்லியா என்று வாக்கெடுப்பு நடத்துகிற அளவில்தான் இருக்கும்.

சட்டம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒருகாலத்தில் அம்மன் புறப்பாடு முடிந்து பத்து மணிக்குமேல் தொடங்கும் கச்சேரி, எஸ்டேட் ஜீப்பில் வந்தவர்கள் கிளம்பும் விடியற்காலை வரை நீளும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்து, இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்றானது. நியாயமான விதிதான், நோயாளிகள் இருக்கிறார்கள், படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் என்ன நடந்தது? வெயில்கூடத் தாழாத ஆறு மணிக்கு எங்கள் குழுவை மேடையேற்றி, கடைசிப் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டி இறக்கிவிட்டார்கள். பிறகு வந்த டிஜே பதினொன்றரை வரை ஊரையே அதிரவைத்தார். அதற்குச் சிறப்பு அனுமதி வாங்கியிருந்ததாக இப்போது சொல்கிறார்கள். அப்படியானால் அந்த அனுமதியில் தையல்கடை அண்ணனுக்கு ஐந்து நிமிடம் கிடைக்காதா? டிஜேயை எடுத்த வீடியோ ஒன்றிலாவது யாராவது 'கிரிஞ்ச்' என்று எழுதியிருக்கிறார்களா?

"நீ சித்தப்பாவுக்காகப் பேசுகிறாய்" என்பார்கள். ஆமாம், பேசுகிறேன். என் சித்தப்பாவுக்காக நான் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்? அவருக்கு முகநூல் கிடையாது. அண்ணனுக்கு அவர் மகன் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான், "சண்டையைக் காணோமே?" என்று மட்டும் கேட்டாராம்.

முழு நிகழ்ச்சியையும் மண்டகப்படிக்காரர் வீட்டுப் பையன் பதிவு செய்து வைத்திருக்கிறான். கேட்டு வாங்கி இங்கே போடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் பாருங்கள். கமிட்டியில் இருக்கும் நண்பர்கள் இந்தப் பதிவை நீக்கச் சொல்லி எனக்குத் தனிச்செய்தி அனுப்புவதற்கு முன்னால், முன்பணம் போகக் குழுவுக்குத் தர வேண்டிய மீதித் தொகையை அண்ணன் கடையில் கொடுத்துவிடுங்கள். டிஜேக்கு அன்று இரவே ரொக்கமாக எண்ணிக் கொடுத்தது எங்களுக்கும் தெரியும்.