315 வருஷம் எங்கே போச்சு? நோஸி பார்க்கர் கதையை இனிமேலாவது நிறுத்துங்கள்

இன்னும் எத்தனை தடவைதான் இதைப் படிப்பது? "அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரை ஆங்கிலத்தில் நோஸி பார்க்கர் என்பார்கள். முதலாம் எலிசபெத் காலத்தில் கேன்டர்பரி பேராயராக, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயராக, இருந்த மேத்யூ பார்க்கர் எல்லாரையும் கேள்வி கேட்டுத் துளைத்ததால் வந்த பெயர் இது." தினம் ஒரு ஆங்கிலச் சொல் என்று சுற்றும் படங்களில் இது, ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டுகளில் இது, வாட்ஸ்அப்பில் மாசம் தவறாமல் இது. அவருக்கு மூக்கு ரொம்ப நீளம் என்று ஒரு ஒட்டு வேறு. படித்ததும் "அட!" என்று நாலு குரூப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒருத்தராவது தேதியைப் பார்க்கக் கூடாதா?

பார்க்கர் இறந்தது 1575 மே மாதம். நோஸி பார்க்கர் என்ற சொல் அச்சில் வந்ததாக இதுவரை தெரிந்த பழைய இடம் 1890-இல், 'பெல்கிரேவியா' என்ற லண்டன் மாத இதழ். நடுவில் 315 வருஷம். அவர் உயிரோடு இருந்தபோது பாதிரிமார் எந்த அங்கி போட வேண்டும் என்ற சண்டையில், திருச்சபையில் பழைய கத்தோலிக்கச் சடங்குகளே கூடாது என்ற தூய்மைவாதிகள் (ப்யூரிட்டன்கள்) அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். துண்டுப் பிரசுரம் போட்டுத் திட்டினார்கள். அவர்களுக்கே தோன்றாத பட்டப்பெயர், மூன்று நூற்றாண்டு யார் பேனாவிலும் படாமல் கிடந்துவிட்டு, விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் திடீரென்று எழுந்து வந்ததா? தெருப்பேச்சையும் வசவுகளையும் தேடித் தேடித் திரட்டி ஃபிரான்சிஸ் குரோஸ் 1785-இல் ஓர் அகராதியே போட்டார். அதிலும் இது இல்லை.

சொல்லின் பொருளையாவது பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. நோஸி என்ற அடைமொழிக்கு முதலில் இருந்த பொருள் 'பெரிய மூக்குக்காரர்', அவ்வளவுதான். வாட்டர்லூ புகழ் வெலிங்டன் பிரபுவைச் சிப்பாய்கள் ஓல்ட் நோஸி என்றது அவர் மூக்கைப் பார்த்து. அவர் யார் வீட்டு விஷயத்தையும் கிளறியதால் இல்லை. மோப்பம் பிடித்துத் துருவுவதை 'நோஸ்' என்று வினையாகச் சொல்வது 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. போலீசுக்குத் துப்புச் சொல்கிறவனை 'நோஸ்' என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த தெருவழக்கு. ஆனால் நோஸி என்ற அடைமொழி 'தேவையில்லாமல் துருவுகிற' என்ற பொருளில் எழுத்தில் தலைகாட்டுவது 1880களில். அடுத்த சில வருஷத்தில் பார்க்கர் வந்து ஒட்டிக்கொள்கிறது. தேதிகள் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தி நிற்கும்போது எதற்கு 1575-க்கு ஓடுகிறீர்கள்?

எனக்கு வயிறு எரிவது இதற்கும் மேலே. அந்த மனுஷன் உண்மையில் என்ன கேட்டார் தெரியுமா? 1536-இலிருந்து 1540-க்குள் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடாலயங்களை மூடினார். அங்கே இருந்த ஏடுகள் பழைய காகித விலைக்குப் போயின. மளிகைக் கடைக்காரரும் சோப்பு விற்பவரும் வாங்கிப் பொட்டலம் கட்டினார்கள், மெழுகுவர்த்தித் தாங்கியைத் துடைத்தார்கள், பூட்ஸைத் தேய்த்தார்கள். மிஞ்சியது யார் யார் வீட்டில் இருக்கிறது என்று தேட 1568-இல் அரசியின் ஆலோசனை அவையிடமிருந்து ஆணை வாங்கி, ஆள் அனுப்பி விசாரித்தவர் பார்க்கர். இங்கிலாந்தின் ஆரம்பகால வரலாற்றை வருஷவாரியாகச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டின் ஆகப் பழைய பிரதி இன்றைக்கு நம் கையில் இருப்பது அவர் சேகரிப்பில். ஆங்கிலோ-சாக்சன்கள் பேசிய பழைய ஆங்கிலத்துக்கென்று தனி ஈய எழுத்து வார்க்கச் செய்து, 1566 வாக்கில் அந்த மொழியை முதன்முதலாக அச்சேற்ற வைத்தவரும் அவரே. இதை விட்டுவிட்டு, திருச்சபைகளுக்கு அவர் அனுப்பிய கேள்விப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு 'வம்புக்காரர்' என்கிறார்கள். பாதிரியார் ஒழுங்காகப் பிரசங்கம் செய்கிறாரா, அங்கி போடுகிறாரா என்று பட்டியல் போட்டுக் கேட்பது அந்தக் காலத்து ஆயர் ஒவ்வொருவருக்கும் கடமை. அதில் இவருக்கென்று தனிச்சிறப்பு ஒன்றும் கிடையாது.

பேராயர் கதை ஆட்டம் கண்டதும் அடுத்த ஆளைக் கூட்டி வருவார்கள். 1797-இல் தேம்ஸ் முகத்துவாரத்தில், நோர் என்ற இடத்தில் நடந்த கடற்படைக் கலகத்துக்குத் தலைமை தாங்கித் தூக்கில் தொங்கிய ரிச்சர்ட் பார்க்கர். அவருக்கும் 1890-க்கும் நடுவே 93 வருஷம் காலி. அப்புறம் லண்டனின் ஹைட் பார்க் பூங்கா. 1851-இல் அங்கே நடந்த பெரும் பொருட்காட்சியில் கூட்டத்தை வேடிக்கை பார்த்தவர்கள், பூங்காவில் காதலர்களை ஒளிந்து பார்த்தவர்கள், 'பார்க்' போனவர்கள் என்பதால் 'பார்க்கர்' ஆனார்கள் என்று ஒரு கதை. இதற்குக் கொஞ்சமாவது தும்பு இருக்கிறது: 1907-இல் வெளியான ஓர் அஞ்சலட்டையில் நோஸி பார்க்கர் என்ற ஆள் பூங்காவில் எட்டிப் பார்ப்பவராக வருகிறார். ஆனால் அதற்குள் சொல் புழங்கத் தொடங்கி 17 வருஷமாவது ஆகிவிட்டது. அட்டை சொல்லைப் பரப்பியிருக்கலாம், பிறப்பித்திருக்க முடியாது.

ஒட்டுக்கேட்பதற்கான 'ஈவ்ஸ்ட்ராப்' என்ற சொல்லிலும் இதே கூத்து. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பெரிய மண்டபத்தில், கூரை மரத்தில் முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அரசவையில் புறம்பேசுகிறவர்களை மிரட்ட எட்டாம் ஹென்றி வைத்தாராம், அதிலிருந்துதான் சொல் பிறந்ததாம். அந்த மண்டபம் 1530களில் கட்டியது. சொல்லோ கி.பி. 868-ஆம் ஆண்டு கென்ட் பகுதி நிலப் பத்திரத்திலேயே இருக்கிறது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே கூரைத் தண்ணீர் விழ இரண்டடி விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 'ஈவ்ஸ்' என்றால் இறவாரம், 'ட்ராப்' என்றால் சொட்டு. கூரை வேய்ந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைநீர்க் குழாய் கிடையாது. இறவாரத்திலிருந்து ஒழுகும் தண்ணீர் சுவரை ஒட்டித் தரையில் ஒரு கோடு பறித்து வைத்திருக்கும். அந்தக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே நனையாமல் நிற்க ஓர் ஆள் அகலம் இடம். அங்கே நின்று மண்சுவரில் காதை வைத்தவன்தான் ஈவ்ஸ்ட்ராப்பர். 15ஆம் நூற்றாண்டிலேயே அவன் நீதிமன்றப் பதிவுகளில் குற்றவாளியாக வந்துவிட்டான். கேட்டதை வைத்து அவதூறு கட்டுகிறவன் பொதுத் தொல்லை என்று 1769-இல் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதினார். இங்கிலாந்தில் 1967-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம்தான் அந்தக் குற்றத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்த உண்மையை விடவா அந்த மரப்பொம்மைக் கதை ருசி?

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கதையில் வரும் ஆள் செத்த வருஷத்தை எழுதுங்கள். சொல் முதலில் அச்சில் வந்த வருஷத்தை நல்ல அகராதியில் பார்த்துப் பக்கத்தில் எழுதிக் கழியுங்கள். ஐம்பது, அறுபதுக்கு மேல் வந்தால், நடுக்காலத்துச் சான்று ஒன்றாவது காட்டாதவரை கதையை நம்பாதீர்கள். அந்த ஆள் வாழ்ந்த காலத்தில் சொல்லுக்கு அதே பொருள் இருந்ததா என்று அடுத்துப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழும். அகராதி 'இருக்கலாம்' என்று போட்டிருந்தால், அந்த 'லாம்' என்பதை உங்கள் படத்திலும் போடுங்கள். அதை வெட்டிவிட்டு எழுதுவதில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

இந்தக் கதைக்குக் கொடுக்கும் இடத்தைச் சொல்லின் பயன்பாட்டுக்குக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். 'கியூரியஸ்' (அறியும் ஆவல் உள்ளவர்) பாராட்டாகவும் வரும். 'நோஸி' என்றால் எப்போதும் குறைதான். 'இன்க்விசிடிவ்' (துருவிக் கேட்கிறவர்) நடுவில் நிற்கும், சொல்கிற தொனியைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். 'ஸ்னூப்' என்றால் ஆளுக்குத் தெரியாமல் அலமாரியைக் குடைவது. திருட்டுத்தனமாகத் தின்பண்டம் தின்பதைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது அது. ஈவ்ஸ்ட்ராப் காதோடு சரி. கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்கு அது வராது. நோஸி பார்க்கர் ஆளைக் குறிக்கும் பெயர், பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. செல்லமாகச் சீண்டுவது போலத் தெரிந்தாலும் வயதில் மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ நேராகச் சொன்னால் அவமதிப்பு. நோட்டில் இதில் ஒரு வரி உண்டா?

அடுத்த படம் போடுகிறவர்கள் இப்படிப் போடுங்கள்: "நோஸி பார்க்கர்: வம்புக்காரர். 1890 முதல் அச்சில் உண்டு. பார்க்கர் யார் என்று தெரியவில்லை." மேத்யூ பார்க்கரைப் பற்றித்தான் எழுதுவேன் என்றால், அவர் சேகரித்த ஆறாம் நூற்றாண்டு நற்செய்தி ஏட்டைப் பற்றி எழுதுங்கள். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கிறது. புதுப் பேராயர் பதவியேற்கும்போது இன்றும் அதைக் கேன்டர்பரிக்கு எடுத்துப் போகிறார்கள்.