எண்ணெய் எடுத்த காட்டில் விளக்கு இல்லை

ஈக்வடாரின் அமேசான் பகுதியில், லாகோ அக்ரியோவில் 1967-இல் டெக்சாகோ நிறுவனம் எண்ணெய் கண்டது. 1972 முதல் அந்த எண்ணெய் சுமார் 500 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே ஆண்டீஸ் மலையைத் தாண்டி பசிபிக் கரைக்குப் போகிறது. எண்ணெயோடு வெளிவரும் வாயுவைக் கிணற்றருகிலேயே இரவு பகலாகக் கொளுத்துகிறார்கள். அதை அணைக்கச் சொல்லி ஒன்பது சிறுமிகள் வழக்குத் தொடுத்து 2021-இல் வென்றார்கள். அதன் பிறகும் பல இடங்களில் தீ எரிந்தது. இவ்வளவும் நடந்த காட்டில் கோஃபான், சியோனா, சியெகோபாய், வவோரானி என்ற நான்கு பழங்குடி மக்களின் பல ஊர்களுக்கு மின்கம்பி எட்டவில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இருட்டில் கிடக்கும் ஊரிடம் எண்ணெய் நிறுவனத்தார் பேரம் பேசுவது சுலபம். ஜெனரேட்டர் தருகிறோம், சாலை போடுகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். சாலை வந்துவிட்டால் மரம் வெட்டுகிறவர்களும் பின்னாலேயே வந்துவிடுவார்கள். ஆகவே வீட்டுக் கூரைக்கு வரும் சூரிய மின்சாரத்தை நான் நில உரிமையோடு சேர்த்தே பார்க்கிறேன். 2019-இல் பாஸ்டாசா மாகாணத்து வவோரானிகள் தங்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்று அரசை எதிர்த்து வழக்காடி, சுமார் 1,80,000 ஹெக்டேர் காட்டை எண்ணெய் ஏலத்திலிருந்து காப்பாற்றினார்கள். அதற்கு முன் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து நடந்து தங்கள் காட்டுக்குத் தாங்களே வரைபடம் போட்டிருந்தார்கள். அந்தக் கருவிக்கும் வானொலிக்கும் கைபேசிக்கும் சார்ஜ் வேண்டாமா?

இந்த நான்கு மக்களும் சேர்ந்து நடத்தும் செய்போ கூட்டணி, சூரியத் தகடு பொருத்தும் வேலையை ஊர் இளைஞர்களுக்கே கற்றுக்கொடுக்கிறது. தெற்கே சாலையே இல்லாத, அச்சுவார் பழங்குடியினரின் பகுதியில் காரா சோலார் அமைப்பு ஆற்றில் சூரிய மின்படகு ஓட்டுகிறது. படகுக்கு சார்ஜ் ஏற்றும் நிலையமே ஊருக்கும் மின்சாரம் தருகிறது.

எனக்கு இருக்கும் கவலையெல்லாம் பாட்டரி பற்றித்தான். தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஈய-அமில பாட்டரியோ அந்த வெப்பத்தில், அடிக்கடி முழுவதும் தீரவிட்டால், சில ஆண்டுகளிலேயே செத்துவிடும். லித்தியம் பாட்டரி கூடுதல் காலம் தாங்கும், ஆனால் விலை அதிகம். பொருத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஏற்கெனவே எண்ணெய்க் கழிவு கலந்த ஆற்றங்கரையில் செத்த பாட்டரிகளைப் போட்டுவிட்டு வருவது கொடுமை. மாற்று பாட்டரிக்கும், உள்ளூர்த் தொழில்நுட்பருக்குச் சம்பளத்துக்கும், பழையதைப் படகேற்றித் திருப்பிக் கொண்டுவரவும் முதல் நாளே பணம் ஒதுக்காத திட்டம் எதுவானாலும், என்னிடம் நன்கொடை கேட்டு வர வேண்டாம்.