மாமன் மடியில் காதுகுத்து

(மட்டக்களப்பின் கல்லடியில், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று தென்னோலைகளைப் புரட்டி அடித்துக்கொண்டிருக்கிறது. டிப்போவில் பேருந்துகளைக் கழற்றிப் பூட்டியே ஓய்வூதியத்துக்கு வந்து சேர்ந்த மாமா, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். பக்கத்து வளவிலிருந்து மருமகன் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வருகிறான்.)

மருமகன்: மாமா, உங்களுடைய ட்ரில் மெசின் ஒரு மணித்தியாலத்துக்கு வேண்டும்.

மாமா: தருவதில் எனக்கு மறுப்பில்லை, மருமகன். ஆனால் போன வருடம் இதேபோல ஒரு மணித்தியாலத்துக்கு என்று நீ கொண்டுபோன ஏணியில் உன் அம்மா இன்றைக்கும் உடுப்புக் காயப்போடுவதை, இந்தக் கதிரையில் இருந்தபடியே நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கு ட்ரில்?

மருமகன்: காது குத்துவதற்கு.

மாமா: யாருக்கு?

மருமகன்: என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு. ஒன்லைனில் வாங்கிய ஃபேரிங், அதுதான் வண்டியை மூடுகிற பிளாஸ்டிக் கவர்கள், வந்துவிட்டது. போல்ட் பூட்டுகிற காதுகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் பாதிக் காதுகளில் ஓட்டை இல்லை. பிள்ளையை மாமன் மடியில் இருத்தித்தானே காது குத்துவார்கள்? அதனால் கராச் பக்கம் போகாமல் நேரே உங்களிடம் வந்தேன்.

மாமா: பழைய ஃபேரிங்குக்குக் கம்பனியிலேயே காது குத்தித்தானே அனுப்பியிருந்தார்கள்?

மருமகன்: அது உங்களுக்குத் தெரிந்த கதை. கடற்கரை வீதி வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்கு நான்கு தையல், பக்கக் கவர் ஒன்பது துண்டு.

மாமா: முழங்காலைத் தைத்ததுபோல அதையும் ஒட்டியிருக்கலாம். உடைந்த துண்டிலிருந்தே ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைச் சீவி எடுத்து, அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, வெடிப்புக்கு உட்பக்கமாகத் தடவிக் காயவிட்டால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகச் சேர்ந்துவிடும்.

மருமகன்: ஒட்டுப்போட்ட கவரோடு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போக முடியுமா, மாமா? ஆடி அமாவாசைக்கு ஊரே திரண்டு வருமே!

மாமா: ஊர் திரண்டு வருவது பிதிர்க்கடன் தீர்ப்பதற்கு, உன்னுடைய கவரைப் பார்ப்பதற்கு அல்ல. சரி, என்ன விலை?

மருமகன்: மூக்கு, இரண்டு பக்கம், வயிறு, வால் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய்.

மாமா: அனுப்புகூலி?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) அது வேறு. பெட்டியின் நிறை 9 கிலோதான், ஆனால் 45.6 கிலோவுக்குக் காசு எடுத்துவிட்டார்கள்.

மாமா: மிச்சம் 36 கிலோவும் என்ன சாமான்?

மருமகன்: காற்று. பெட்டியின் நீளம் 95, அகலம் 60, உயரம் 40 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருகிற எண்ணிக்கை உண்மையான நிறையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கணக்குக்குத்தான் கூலி கட்ட வேண்டுமாம்.

மாமா: கச்சான் காற்று உன் வீட்டுக் கூரை ஓடுகளையே தூக்குகிற மாதத்தில், முப்பத்தாறு கிலோ காற்றைக் காசு கொடுத்துச் சீனாவிலிருந்து வரவழைத்திருக்கிறாய்.

மருமகன்: அதுவும் இலேசில் வந்து சேரவில்லை. கூரியர் பையன் நம் படலையைக் கடந்து வலப்பக்கமாகப் போய், ஒழுங்கை கடலில் முடிகிறது என்பதைக் கடலைக் கண்ட பிறகுதான் அறிந்து, மணலில் புதைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். பிறகு பார்த்தால் பெட்டி படலையால் நுழையவில்லை, வேலிக்கு மேலால்தான் இறக்கினோம்.

(மாமா எழுந்து ட்ரில்லை எடுக்கிறார். இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்ற அச்சத்தினால்தான் அவரும் கூடவே போனார் என்று அயலில் பேசிக்கொண்டாலும், உண்மையில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் அவரைக் கிளப்பியது. மருமகனின் முற்றத்தில் யமஹா ஆர்15 உரித்த கோழிபோல நிற்கிறது. புதிய கவர்கள் பாயில் வரிசையாகக் கிடக்கின்றன.)

மாமா: உன்னுடைய வண்டி எந்த வருடத்தது?

மருமகன்: இரண்டாம் வேர்சன், 149 சீசீ. படத்துக்குக் கீழே ‘எல்லா ஆர்15க்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார்கள்.

மாமா: முதலாவது வந்தது 2008இல். 2011இல் வாலையும் சீற்றையும் மாற்றினார்கள். 2018இல் எஞ்சினை 155 சீசீ ஆக்கி உடம்பையே வேறாக்கினார்கள். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே சாமான், சாவியில் கொழுவுகிற கயிறுதான். இதென்ன, பக்கத்தில் ஏதோ பெயர் எழுதியிருக்கிறதே? என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசிக்கிறேன். ய... மா... மா.

மருமகன்: கடைசி எழுத்தில் ஒரு சின்னப் பிழை.

மாமா: இது எழுத்துப்பிழை அல்ல, மருமகன். முதலில் யமனையும் அடுத்ததாக மாமாவையும் எழுதி, இந்த வண்டியில் ஏறுபவன் யாரைச் சந்திப்பான், அதற்குப் பிறகு யார் செலவழிப்பார் என்பதை ஒழுங்காகவே தெரிவித்திருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஏன் இப்படி மங்கிப்போயிருக்கிறது?

மருமகன்: விலை ஒட்டிய ஸ்டிக்கரின் பசை போகவில்லை என்று, தங்கச்சியின் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரால் துடைத்தேன்.

மாமா: நான் சொன்ன அதே அசிட்டோன்தான் அதற்குள்ளும் இருந்திருக்கிறது. ஒட்டுவதற்குப் பாவிக்கச் சொன்னால் ஒட்ட மாட்டாய், மினுக்கத்தை உரிப்பதற்கு மட்டும் கேட்காமலே பாவிப்பாய். இங்கே உன் பெருவிரலால் அமுக்கிப் பார். உள்ளே போகிறதா? இப்போது ஓரத்தை அமுக்கு.

மருமகன்: அசையவில்லை.

மாமா: உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்திருந்தால் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கும், காதும் ஓட்டையும் அச்சோடே வந்துவிடும். இது தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் அமுக்கி எடுத்தது. இழுபட்ட இடம் அப்பளம், இழுபடாத இடம் தேங்காய் ரொட்டி. போல்ட்டுகள் எங்கே?

மருமகன்: (கீழே பார்த்து) இங்கேதான் எங்கேயோ இருக்கின்றன. காற்றுக்குப் பை சரிந்து மணலில் கொட்டிவிட்டது. காந்தத்தைக் கட்டி முற்றம் முழுவதும் இழுத்துப் பார்த்தேன், பழைய ஆணிகளும் ஒரு சைக்கிள் செயின் துண்டும் வந்தன, போல்ட் ஒன்றுகூட வரவில்லை.

மாமா: என்ன நிறம்?

மருமகன்: சிவப்பு. மினுங்கும்.

மாமா: அது அலுமினியம். காந்தத்தைக் கடல்வரைக்கும் இழுத்தாலும் வராது. அம்மாவிடம் மா அரிக்கிற அரிதட்டை வாங்கி வா.

(அரை மணித்தியாலம் மணல் அரிக்கிறார்கள். இருபத்திரண்டு போல்ட்டில் இருபது கிடைக்கிறது. பிட்டு அவிக்க நேரமாகிறது என்று குசினியிலிருந்து வந்த குரலுக்கு இருவருமே பதில் சொல்லவில்லை.)

மாமா: கேள், இதுதான் முறை. முதலில் எல்லாக் கவர்களையும் இரண்டிரண்டு போல்ட்டில் தொங்கவிட வேண்டும், எதையும் இறுக்கக் கூடாது. எல்லாம் ஒன்றோடொன்று பேசி இணங்கிய பிறகுதான் இறுக்குவது. நீ என்ன செய்தாய்?

மருமகன்: வயிற்றை முதலில் நன்றாக இறுக்கிவிட்டேன்.

மாமா: அதனால்தான் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. கழற்று.

(கழற்றுகிறான். தொங்கவிடுகிறார்கள். வலப்பக்கக் கவரின் மேற்காது, அது சேர வேண்டிய பிரக்கெட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது.)

மருமகன்: தங்கச்சியின் தலைமயிர் உலர்த்துகிற மெசினால் சூடு காட்டி வளைக்கட்டுமா?

மாமா: காட்டு. ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே இரு, நிறம் வெந்துவிடும். இந்த ஏபிஎஸ் நன்றாக இளகுவதற்கு நூறு பாகைக்கு மேல் வேண்டும், அது வரைக்கும் போகாதே. இலேசாக இணங்கினால் போதும். ஆம், அப்படியே பிடி. இப்போது காதின்மேல் டேப் ஒட்டு, ட்ரில் அலகு வழுக்காது, விளிம்பும் வெடிக்காது. பின்னுக்கு ஒரு பலகைத் துண்டைக் கொடு. முதலில் மூன்று மில்லிமீற்றர் அலகு, பிறகு பெரியது. வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி அலகிலேயே சுற்றிக்கொள்ளும்.

மருமகன்: மாமா, இந்த இடத்திலா குத்தப் போகிறீர்கள்? கொஞ்சம் வெளியே என்று எனக்குப் படுகிறது.

மாமா: முப்பது வருடம் டிப்போவில் ஓட்டை போட்டவனுக்கு நீ இடம் காட்டுகிறாயா? மடியில் இருக்கிற பிள்ளை பேசக் கூடாது.

(குத்துகிறார். ஒன்று, இரண்டு, ஏழு. ஒவ்வொரு காதிலும் ஒரு ரப்பர் வாசரும் போல்ட்டும் ஏறுகின்றன. போதாமற்போன இரண்டு இடங்களுக்கு ஏணியிலிருந்து இரண்டு ஸ்குரூ கழற்றப்படுகின்றன. அந்த வகையில் ஏணியும் மாமாவுக்குப் பயன்பட்டது. பொழுது சாயும்போது வண்டி முழு உடுப்போடு நிற்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கிறது.)

மாமா: இறுக்குவதற்கு முன் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தாய்தானே?

மருமகன்: பார்த்தேன் மாமா. வலப்பக்கம் வெண்ணெய்போலத் திரும்பியது.

மாமா: இடப்பக்கம்?

மருமகன்: (திருப்புகிறான். ‘டொக்’ என்று ஒரு சத்தம்.) இடப்பக்கம் இவ்வளவுதான் வருகிறது.

மாமா: (குனிந்து பார்த்து, நீண்ட நேரம் நிமிராமல்) பிரேக் எண்ணெய்க் குப்பி வலக்கைப் பிடியோடு முன்னுக்குப் போய்க் கவரின் உட்பக்கத்தில் முட்டுகிறது. அந்த மேற்காது அரை அங்குலம் உள்ளே போய்விட்டது.

மருமகன்: நான் அப்போதே...

மாமா: நீ அப்போது மடியில் இருந்தாய். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், நீ விழுந்தது இடப்பக்கம் திரும்பும்போதுதானே? இனி அந்த ஆபத்தே இல்லை.

மருமகன்: நாளைக்குத் தீர்த்தம், மாமா! இரவோடிரவாகக் கழற்றி மறுபடி குத்த முடியாதா?

மாமா: குத்திய காதுக்குப் பக்கத்தில் இன்னொன்று குத்தினால் காதே அறுந்துவிடும். முதலில் பழைய ஓட்டையைக் கூழால் அடைத்துக் காயவிட வேண்டும். அதற்குத் தேவையான அசிட்டோன் முழுவதையும் நீ பசை துடைத்தே முடித்துவிட்டாய்.

மருமகன்: கல்லடிப் பாலம் நேராகத்தானே போகிறது? வலப்பக்கம் மட்டும் திரும்பித் திரும்பியே மாமாங்கத்துக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்காதா?

மாமா: பாலத்துக்குப் போக முன் நம் படலையைத் தாண்ட வேண்டும். பிரதான வீதி எந்தப் பக்கம்?

மருமகன்: இடப்பக்கம்.

மாமா: வலப்பக்கம் திரும்பினால்?

மருமகன்: கடல்.

மாமா: ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடத்தானே புறப்படுகிறாய், மருமகன்? அதிகாலையிலேயே ஸ்டார்ட் பண்ணு.