வவுச்சரைக் காட்டுங்க மாமா

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று எழுதி, ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சின்ன மாமா போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். நாலு நிமிடம் ஓடுகிறது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆராய்ச்சி எழுதிய டென்மார்க்காரர் ஒரு திருடனாம். அமெரிக்க அரசே அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறதாம். ஆகவே ஆராய்ச்சி மொத்தமும் பித்தலாட்டமாம். பின்னணியில் இடி இடிக்கிற மாதிரி ஒரு மியூசிக் வேறு.

வழக்கமாக மாமாவின் வீடியோக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. அதே குழுவில் என் தம்பி மனைவி இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு இந்த மாதம் ஒன்பது மாதம் முடிகிறது, தட்டம்மை-ருபெல்லா ஊசி போட வேண்டும். என் அக்காவும் இருக்கிறாள். அக்கா பையனுக்குப் பத்து வயது. ஆட்டிசம்.

நான் டாக்டர் இல்லை. காசிமேட்டில் மீன் வியாபாரிகளுக்கும் ஐஸ் கம்பெனிக்காரர்களுக்கும் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். மோசடி என்றால் என்ன, அது எந்த இடத்தில் ஒளிந்திருக்கும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் மாமாவுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடலாம். அந்த டென்மார்க்காரர் கதை கட்டுக்கதை இல்லை. பெயர் பால் தோர்சன். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம், அதாவது சி.டி.சி., ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பணத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார் என்று 2011-ல் அட்லாண்டாவில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. எப்படிச் சுருட்டினாராம் என்று படித்தபோது, தொழில்காரன் என்ற முறையில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சி.டி.சி. லெட்டர்ஹெட்டில் போலி இன்வாய்ஸ் அடித்து டென்மார்க் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார். பணம் வந்து விழுந்த கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு. வீடு, கார், ஹார்லி டேவிட்சன் பைக் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. நம்ம ஊரில் டீசல் பில்லை ஏற்றி எழுதுகிறவர்கள் பாவம், ரொம்பச் சின்ன ஆட்கள்.

ஆனால் மாமா, ஒரு மீன்பிடிப் படகின் கணக்கில் டீசல் பில் பொய் என்று நான் கண்டுபிடித்தால், அன்றைக்கு ஏலக்கூடத்தில் எடை போட்ட வஞ்சிரமும் பொய் ஆகிவிடுமா? ஆகாது. எடைச் சீட்டு தனி, டீசல் பில் தனி. எடைச் சீட்டு பொய் என்று சொல்ல வேண்டுமென்றால் எடைச் சீட்டைத்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசிக்குப் பெயர் எம்.எம்.ஆர். தோர்சன் பெயர் இருக்கிற அந்த எம்.எம்.ஆர். ஆய்வு 2002-ல் வந்தது. டென்மார்க்கில் 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 குழந்தைகளின் அரசுப் பதிவுகளை எடுத்து, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டது. ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. எழுதியவர்கள் எட்டுப் பேர், அதில் இவர் பெயர் ஆறாவது. போலி இன்வாய்ஸ்கள் தொடங்கியதாகக் குற்றப்பத்திரிகை சொல்வது 2004-ல், அதாவது ஆய்வு அச்சாகி ஒன்றேகால் வருடம் கழித்து. சரி, அவர் கை பட்டதெல்லாம் தீட்டு என்றே வைத்துக்கொள்வோம். 2019-ல் அதே டென்மார்க்கில் புதிதாக 6,57,461 குழந்தைகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். எழுதிய நாலு பேரில் தோர்சன் இல்லை. விடை மாறவில்லை.

இப்போது எடைச் சீட்டே பொய்யான கதைக்கு வருவோம். வீடியோவில் அது வரவே இல்லை, வரவும் வராது.

ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை. 1998 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 12 குழந்தைகள். அஞ்சு லட்சம் இல்லை, பன்னிரண்டு. நன்றாக இருந்த பிள்ளைகள், எம்.எம்.ஆர். போட்ட சில நாளில் பேச்சை இழந்தார்கள் என்பது சாரம். உலகம் முழுக்கத் தாய்மார்கள் ஆடிப்போனார்கள்.

பிரையன் டீர் என்கிற பத்திரிகை நிருபர் 2004-லிருந்து இதைத் தோண்டி எழுதினார். டாக்டர் இல்லை, விஞ்ஞானி இல்லை. அவர் செய்த வேலை நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். கட்டுரை என்பது லெட்ஜர், அதாவது கணக்குப் புத்தகம். அந்தக் குழந்தைகளின் ஆஸ்பத்திரி ரெக்கார்டு வவுச்சர், அதாவது கணக்குக்கு ஆதாரமான சீட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். டிக் விழவில்லை. பன்னிரண்டு பேரும் அதற்கு முன் இயல்பாக இருந்தார்கள் என்றது கட்டுரை. அஞ்சு பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சியில் சந்தேகம் இருந்ததாக ரெக்கார்டு சொன்னது. பேச்சு வந்து பிறகு போகிற வகை ஆட்டிசம் ஒன்பது பேருக்கு என்றது கட்டுரை. அந்த ஒன்பதில் மூன்று பேருக்கு ஆட்டிசம் என்றே யாரும் எழுதவில்லை. சில பிள்ளைகளுக்கு அறிகுறி தெரிந்தது நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். ஒரு குழந்தையின் அப்பா தன் பையனின் விவரத்தைக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது அப்பட்டமான பொய் என்றார்.

பணமும் உண்டு. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீல், கட்டுரை வருவதற்கு இரண்டு வருடம் முன்பே வேக்ஃபீல்டை வேலைக்கு அமர்த்தியிருந்தார். செலவு போக அவருக்கு வந்தது 4,35,643 பவுண்டு. தனியாக ஒரு தட்டம்மைத் தடுப்பூசிக்கு 1997-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். வாசகனுக்கு இது எதையும் சொல்லவில்லை. "கம்பெனிகாரன் காசுக்காகச் செய்றான்" என்கிற மாமாவுக்கு இதையும் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன்.

பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் 217 நாள் உட்கார்ந்து விசாரித்தது. விசாரணையில் வந்த ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. தன் மகன் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு அஞ்சு பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்திருக்கிறார் இந்த மனிதர். கேக் வெட்டுகிற இடத்தில். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, மே மாதம் அவர் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டு குழந்தைகளின் கட்டுரையை எடுக்கப் பன்னிரண்டு வருடம். இதற்கு லான்செட்டை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தானே நம்ம ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

வேக்ஃபீல்ட் ஆட்கள் சொல்கிற பதிலையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கூட எழுதிய டாக்டர் ஜான் வாக்கர்-ஸ்மித்தும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் 2012-ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கவுன்சில் சரியாகக் காரணம் சொல்லவில்லை என்று நீதிபதி கண்டித்தார். அது உண்மைதான், அந்த வயதான மனிதருக்கு நடந்தது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் வென்றது தன்னுடைய கேஸை. ஊசிதான் காரணம் என்று அந்தத் தீர்ப்பில் எந்த வரியும் இல்லை. வேக்ஃபீல்டை நீக்கிய உத்தரவு ரத்தாகவில்லை. அவர் டீரின் கட்டுரைகளை வெளியிட்ட பி.எம்.ஜே. மருத்துவ இதழ் மேலும் டீர் மேலும் டெக்சாஸில் மானநஷ்ட வழக்குப் போட்டார், அது விசாரணைக்கே வராமல் தள்ளுபடி ஆனது.

அப்புறம் சி.டி.சி.க்குள்ளேயே ஒருவர் உண்மையை உடைத்தார் என்று மாமா இரண்டு வருடத்துக்கு முன்பு அனுப்பினாரே, வில்லியம் தாம்சன். 2004-ல் வந்த தங்கள் ஆய்வில் கறுப்பினச் சிறுவர்கள் சம்பந்தமான ஒரு கணக்கை விட்டுவிட்டோம் என்று 2014-ல் அறிக்கை விட்டவர். அதே அறிக்கையில், எந்தப் பெற்றோரையும் ஊசி போடாதே என்று சொல்ல மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். மாமா அனுப்பிய அந்த வீடியோவில் முதல் பாதிதான் இருந்தது. அந்தக் கணக்கை வைத்து வேறொருவர் எழுதிய கட்டுரையும் சில மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.

இவ்வளவையும் குழுவில் போட்டால் மாமா வாயடைத்துப் போவாரா? மாட்டார். அவர் நம்புவது வீடியோவை இல்லை. "மேல இருக்கறவன் மறைப்பான்" என்பதை நம்புகிறார். வடசென்னையில் அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவர் அதை நம்பாமல் எதை நம்புவார்? 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடுராத்திரி அம்மோனியா கசிந்து ஜனம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியபோது, அவருடைய மச்சினி குடும்பமும் அதில் இருந்தது. இந்தப் பக்கத்து ஜனத்துக்கு 'எல்லாம் பாதுகாப்பானது' என்கிற வார்த்தை காதில் விழுந்தாலே மூக்கு எரியும்.

ஊசியிலும் ஒன்றுமே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலில், இதோ பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்தில் நாலு குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம்தான் கிராமம் கிராமமாகப் போய்ப் போடுவதை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். அதை ஞாபகம் வைத்திருக்கிற தாயைப் பார்த்து "படிச்சவங்கதானே நீங்க" என்று எரிந்து விழுகிற டாக்டர்களை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்புக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே அவர்கள்தான்.

ஆனால் அதே திருவள்ளூர் பக்கம் இன்னொரு கதையும் இருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை 1955-ல் ராஜாஜியே எதிர்த்து எழுதினார். நாட்டின் பி.சி.ஜி. தயாரிப்புக்கூடம் இருந்ததோ நம்ம கிண்டியில். பிறகு 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து அரசே ஒரு சோதனை தொடங்கியது. 1979-ல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு நுரையீரல் காசம் வராமல் தடுப்பதில் அந்த ஊசி பலன் தரவில்லை. ஊசியை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்த அரசாங்கத்தின் ஆட்களே, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, அதை உலகத்துக்கு முன்னால் அச்சில் போட்டார்கள். கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் காசம் வராமல் காக்கிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள், அது வேறு. எடை குறைந்தால் குறைந்தது என்று சீட்டில் எழுதுகிற கையை நான் நம்புவேன். டென்மார்க் கணக்கை நான் நம்புவதற்கு இந்தத் திருவள்ளூர் கணக்கும் ஒரு காரணம்.

அக்கா விஷயத்தை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை-ருபெல்லா முகாம் நடந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும். அப்போதும் வாட்ஸ்அப்பில் ஒரே புரளி. அக்கா பையனுக்கு அப்போது ஒரு வயது ஏழு மாதம். முகாமில் போட்டாள். கோடை முடிவதற்குள் அவன் "அத்த" என்று சொல்வதை நிறுத்தினான். பிறகு எதுவுமே சொல்லவில்லை. தடுப்பூசி அட்டையை லேமினேஷன் போட்டு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அந்தத் தேதிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு. எட்டு வருடமாக அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாமல்.

போன வருடம் என் பழைய போன் ஒன்றைச் சரிசெய்தபோது அவனுடைய முதல் பிறந்தநாள் வீடியோ கிடைத்தது. தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டை மாடி, ஷாமியானா, 2016 ஜூலை. எல்லோரும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மாமாதான் சத்தமாக, கையைத் தட்டித் தட்டி. பையன் திரும்பவே இல்லை. ஓரத்தில் ஸ்டாண்டு ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முகாமுக்கு ஏழு மாதம் முன்னால். அமெரிக்காவில் 1994-லேயே முதல் பிறந்தநாள் வீடியோக்களை மட்டும் வைத்து இதே மாதிரி ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். பேர் சொன்னால் திரும்பாததும் முகத்தைப் பார்க்காததும் அந்த வயதிலேயே தெரிகிறது.

மூன்று மாதம் யோசித்துத்தான் அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். "அப்ப ஊசி இல்லியா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான்தான் கவனிக்கலியா" என்றாள். இதற்கு என்னிடம் எந்த லெட்ஜரும் இல்லை. அவன் போர்வையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் இந்தப் பிறந்தநாள் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவர் சும்மா இல்லை. "ஒம்போதாம் மாசம் ஒரு தட்டம்மை ஊசி போட்டாங்களே, அதுக்கு இன்னா சொல்ற?" என்றார். நல்ல கேள்வி மாமா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கையில் இருப்பது ஒரே ஒரு பையனின் ஒரே ஒரு வவுச்சர். அதை வைத்து உங்களை மடக்க முடியாது, பன்னிரண்டை வைத்து வேக்ஃபீல்ட் உலகத்தை மடக்கியிருக்கவும் கூடாது. அதனால்தான் அஞ்சு லட்சம், ஆறு லட்சம் என்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் பொய் இருக்கிறது என்றால் எந்த வரியில், எந்தக் குழந்தையிடம் என்று காட்டுங்கள். ஹார்லி டேவிட்சனைக் காட்டாதீர்கள்.

அவர் பதில் போடவில்லை. கும்பிடு மட்டும் போட்டார்.

புதன்கிழமை தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு நான் வருகிறேன் என்று அக்காவே சொன்னாள். நர்சம்மா நீல டப்பாவைத் திறந்து, ஐஸ் பேக்குக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்து, மருந்தைக் கலக்கினார். திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே பேனாவால் எழுதினார். நாலு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாதாம். அக்கா குனிந்து அந்த நேரத்தைப் படித்தாள். பிறகு தன் போனிலும் மணி பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாளாம். தம்பி மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.