மூன்று வருடத்தில் ஓக் காய்க்காது

அண்ணா, மலேசியாவில் நம் உலு லங்காட் நிலத்தில் அமெரிக்க வெள்ளை ஓக் கன்று நட்டால் மூன்றே வருடத்தில் மான் கூட்டம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம். அமெரிக்காவில் உள்ள வெள்ளைவால் மான் ஓக் கொட்டையைத் தேடி வருவது உண்மைதான், அதிலும் வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு என்பதால் முதலில் அதைத்தான் தின்னும். ஆனால் அந்த மரம் காய்க்கத் தொடங்கவே சுமார் 20 வருடம் ஆகும், நன்றாகக் கொட்ட 50 கூட ஆகலாம், அப்புறமும் எல்லா வருடமும் ஒரே மாதிரி காய்க்காது. இளங்குருத்தையும் மான் விடாது. அமெரிக்காவில் நடுகிறவர்கள் கன்றுக்குக் குழாய் மாட்டியோ கம்பி வலை சுற்றியோதான் காப்பாற்றுகிறார்கள்.

குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரம் அது. கோலாலம்பூர் பக்கத்து வெக்கையில் அந்த ஓய்வு எங்கே கிடைக்கும்?

நம் ஊர் ரூசா மானுக்கு, அதாவது கடமானுக்கு, புல், தழை, உதிர்ந்த பழம், உப்பு மண் இதெல்லாம்தான் வேண்டும். நிலம் காட்டோரமாக இருந்தால் அங்கே நிற்கிற அத்தி மரத்தை வெட்டாமல் விடுங்கள், போதும். இன்னொன்று, ரூசா மான் மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு, உரிமம் இல்லாமல் சுடுவது குற்றம், கண்ணி வைப்பதும் குற்றம்.