பண்டிகைப் படங்களுக்குத் தனிப் பட்டியல் எதற்கு?

எனக்கு ரொம்பப் பிடித்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தி நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஆறு படங்களில் கிறிஸ்துமஸ் வருகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "பண்டிகைப் படத்துக்கு வேண்டுமானால் தனியாக ஒரு பட்டியல் போடேன், குரோசவா, ஓசு மாதிரி ஜப்பானிய மேதைகளுக்குப் பக்கத்தில் ஏன் கொண்டுபோய் வைக்கிறாய்?" தனியாகப் போட மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் படம் என்று பெயர் விழுந்துவிட்டால் அந்தப் படத்தை யாரும் சினிமாவாகப் பார்ப்பதில்லை. டிசம்பர் வந்தால் போட்டுப் பார்ப்பது, நாலு இடத்தில் கண் கலங்குவது, ஜனவரியில் மறந்துவிடுவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆனால் இந்த வகையில் உண்மையிலேயே நல்ல படங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல, பண்டிகைக்காக எடுத்தவையே இல்லை. 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' வெளிவந்தது 1940 ஜனவரியில். 'தி அபார்ட்மென்ட்' 1960 ஜூனில். 'டை ஹார்ட்' 1988 ஜூலையில். சான்டா கிளாஸ் நிஜமா என்று நீதிமன்றத்தில் வழக்கே நடக்கும் 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' கூட 1947இல் கோடைக்காலத்தை ஒட்டித்தான் வந்தது. அப்போதுதான் கூட்டம் வரும் என்று ஸ்டூடியோ நினைத்தது, விளம்பரத்தில் கிறிஸ்துமஸையே மறைத்துவிட்டார்கள்.

அப்படியானால் இந்த இயக்குநர்கள் ஏன் அந்த நாளைப் பிடித்தார்கள்? எல்லாரும் யாரோ ஒருவரோடு சேர்ந்து இருந்தாக வேண்டிய நாள் அது. மற்ற நாட்களில் வேலை, அலைச்சல் என்று சொல்லித் தனிமையை மறைத்துவிடலாம். அன்றைக்கு முடியாது. ஒரு மனிதனுக்குப் போக வீடு இருக்கிறதா, காத்திருக்க ஆள் இருக்கிறதா என்பது அன்று சாயங்காலம் ஊருக்கே தெரிந்துவிடும். கதை சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. என் பட்டியலில் இருக்கும் பண்டிகைப் படங்கள் எல்லாமே இந்த இடத்தைத் தொடுகின்றன.

வரிசை என்பதே சரியா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் வாக்கு வாங்கிப் பட்டியல் போடுகிறது. முதல் தடவை 'பைசிக்கிள் தீவ்ஸ்'. 1962இலிருந்து 2002 வரை அசைக்க முடியாமல் 'சிட்டிசன் கேன்'. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் ஷான்தால் ஆக்கர்மன் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்'. படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, பார்ப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். என் வரிசையும் அப்படி மாறிக்கொண்டே வந்ததுதான். இப்போதைக்கு எனக்கு ஒரே அளவுகோல்: படம் முடிந்து பல நாள் கழித்தும் அந்தப் பாத்திரத்தின் கஷ்டம் எனக்குள் நடந்துகொண்டிருக்க வேண்டும். தொழில்நுட்பம், வரலாற்று முக்கியத்துவம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த அளவுகோலில் முதலிடம் ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946). இரண்டாமிடம் குரோசவாவின் 'இகிரு' (1952). இந்த வரிசையைத்தான் பலராலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காப்ராவின் படத்தை இனிப்பான படம் என்று சொல்பவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேவதை வந்து, "நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் எப்படி இருக்கும்" என்று காட்டும் பகுதி ஏறக்குறைய கடைசி அரை மணி நேரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவது என்ன? ஜார்ஜ் பெய்லி என்ற ஒருவனின் ஆசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது. உலகம் சுற்ற வேண்டும், பாலம் கட்ட வேண்டும் என்று கனவு காண்கிறான். அப்பா இறக்கிறார், பயணம் நிற்கிறது. படிப்புக்காகச் சேர்த்த பணத்தில் தம்பி கல்லூரிக்குப் போகிறான். தேனிலவுக்கு வைத்திருந்த பணம், வங்கிகள் ஆட்டம் காணும் நாளில் ஊர் மக்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் செய்வது சரியான காரியம். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று செத்துப்போகிறது.

ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து அவர் நடித்த முதல் படம் இது. தன் நிறுவனத்தின் பணம் தொலைந்த அன்றைக்கு வீட்டுக்கு வருகிறாரே, அந்தக் காட்சியைப் பாருங்கள். குழந்தைகளிடம் எரிந்து விழுகிறார். மகளின் டீச்சரை போனில் திட்டுகிறார். மூலையில் தான் ஆசையாகச் செய்துவைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்து நொறுக்குகிறார். மனைவியும் பிள்ளைகளும் அசையாமல் நின்று அவரையே பார்க்கிறார்கள். நல்லவன் ஒருவன் தன் வீட்டுக்குள்ளேயே பயமுறுத்துகிறவனாக மாறும் அந்த ஒரு நிமிடம் எந்த ஃபீல் குட் படத்திலும் இருக்காது.

இன்னொன்று. தொலைந்த எட்டாயிரம் டாலர் வில்லன் பாட்டரிடம்தான் இருக்கிறது. கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, அவனுக்குத் தண்டனையும் இல்லை. வங்கி முதலாளியை இப்படிக் காட்டியதற்காகவே அமெரிக்க எஃப்பிஐ இந்தப் படத்தைச் சந்தேகத்தோடு குறித்துவைத்தது. அப்புறம் ஜார்ஜ் ஊரைவிட்டுப் போகவே இல்லை. பாலம் கட்டவே இல்லை. ஆசைப்பட்டது எதுவும் கிடைக்காமலே படம் முடிகிறது.

'இகிரு' இதே கேள்வியைத்தான் கேட்கிறது. முப்பது வருடம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வதனாபேவுக்கு வயிற்றில் புற்றுநோய். சாவதற்குள் ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று, குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டப் போராடுகிறார். படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே அவர் இறந்துவிடுகிறார். மீதியெல்லாம் இழவு வீட்டில் கூடிய சக அலுவலர்களின் பேச்சு. குடித்த வேகத்தில் இனி அவரைப்போல் உழைப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள், மறுநாள் ஆபீஸில் பழைய குருடி கதவைத் திறடி. பனி கொட்டும் இரவில் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடும் வதனாபேவை, அதாவது நடிகர் தகாஷி ஷிமுராவைப் பார்த்துவிட்டு உடனே எழுந்திருக்க என்னால் முடிவதில்லை.

பிறகு ஏன் இரண்டாமிடம்? வதனாபேவுக்குச் சாவு தெரிந்துவிட்டது. அந்தத் தெளிவு அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. ஜார்ஜுக்கு அந்த வசதி இல்லை. தான் தேர்ந்தெடுக்காத வாழ்க்கையில், நாளைக்கும் அதே நாற்காலியில், அதே கடன்களோடு உட்கார்ந்தாக வேண்டும். அப்படி இருந்துகொண்டே அந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு இன்னும் கடினமான காரியமாகத் தெரிகிறது. நம்மில் பெரும்பாலோர் ஜார்ஜின் பக்கம்தான் இருக்கிறோம். பாலத்தின்மேல் நின்று "நான் திரும்ப வாழ வேண்டும்" என்று அவன் கெஞ்சும்போது அவனுக்குத் திரும்பக் கிடைப்பது அதே பிரச்சினைகள் நிறைந்த வாழ்க்கைதான். அது தெரிந்தே கேட்கிறான்.

இந்தப் படத்துக்கு நேர்ந்ததும் ஒரு கதைதான். மூலக்கதையை எழுதிய பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் அதை வெளியிட ஆள் கிடைக்காமல், 1943இல் தானே 200 பிரதி அச்சடித்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். படம் வந்தபோது வசூல் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரை, ஐந்திலும் தோல்வி. செயற்கைப் பனி தயாரித்த முறைக்கு மட்டும் ஒரு தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதுவரை வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டுவார்கள், நடந்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இங்கே தீயணைப்பு நுரையையும் சோப்பையும் கலந்தார்கள். 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டதால் டிவி சேனல்கள் காசு கொடுக்காமல் திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தன. மக்கள் அப்படித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பண்டிகைப் படம் என்ற பெயரும் அப்போதுதான் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்'. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது, ஆனால் கிறிஸ்துமஸ் படம் என்று யாரும் இதைச் சொல்வதில்லை. பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுக்கும் ஒரு குமாஸ்தா (ஜாக் லெமன்). அவன் விரும்பும் லிஃப்ட் பெண் (ஷர்லி மெக்லைன்) அந்த மேலதிகாரிகளில் ஒருவரின் காதலி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஆபீஸில் ஒரே கூத்து. அவன் புதுத் தொப்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் தன் கைக்கண்ணாடியை நீட்டுகிறாள். அது விரிசல் விட்ட கண்ணாடி. தன் வீட்டில் யாரோ விட்டுப்போனது என்று அவன் முன்பு அந்த மேலதிகாரியிடம் எடுத்துக்கொடுத்த அதே கண்ணாடி. விஷயம் அவனுக்கு அந்த நொடியில் புரிகிறது. ஒரு வசன விளக்கம் கிடையாது, இரண்டாகப் பிளந்த அவன் முகம் மட்டும் தெரிகிறது. திரைக்கதை எழுத ஆசைப்படுபவர்கள் இந்த ஒரு காட்சியை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

அன்று இரவே அவள் தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். காதலன் பரிசு என்று நூறு டாலர் நோட்டை நீட்டிவிட்டுத் தன் குடும்பத்தோடு கொண்டாட ரயிலைப் பிடிக்கப் போய்விட்டான். இதை வைல்டர் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு நடுவில் வைக்கிறார், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

நான்காவது லூபிட்சின் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. புடாபெஸ்டில் ஒரு தோல்பொருள் கடை. ஒரே கடையில் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்க்கும் இருவர், தாங்கள்தான் முகம் தெரியாமல் கடிதக் காதல் செய்கிறோம் என்று அறியாமல் இருக்கிறார்கள். 1998இல் 'யூ'வ் காட் மெயில்' என்று மின்னஞ்சல் காலத்துக்கு மாற்றி எடுத்தது இதைத்தான். காதலைவிட எனக்கு நெருக்கமானது முதலாளி மட்டுசெக்கின் கதை. மனைவியின் துரோகம் தெரிந்து தற்கொலை வரை போய்த் திரும்பியவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நல்ல வியாபாரம் முடிந்து, கடை வாசலில் பனியில் நின்று ஒவ்வொரு ஊழியரிடமும் "இன்றைக்கு எங்கே போகிறாய்" என்று விசாரிக்கிறார். எல்லாருக்கும் வீடு இருக்கிறது. கடைசியில் வெளியே வருகிறான் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன். அவனுக்கும் அந்த ஊரில் யாரும் இல்லை. சாப்பிட என்னென்ன இருக்கும் என்று அவர் அவனுக்கு அடுக்கிச் சொல்லும்போது குரலில் வரும் சந்தோஷம் இருக்கிறதே! ஃபிராங்க் மோர்கன் அந்த இரண்டு நிமிடத்தில் செய்ததை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஐந்து ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. ஆறு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). ஏழு 'பதேர் பாஞ்சாலி'. இந்த மூன்றைப் பற்றியும் நிறையப் பேர் நன்றாக எழுதிவிட்டார்கள், புதிதாகச் சொல்ல என்னிடம் இல்லை. 'உதிரிப்பூக்க'ளில் நடிகை அஸ்வினி பேசாமல் நிற்கும் இடங்களுக்காக மட்டும் அதை இன்னும் ஒரு படி மேலே ஏற்றலாமா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

எட்டாவது சடோஷி கோனின் 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003). குடிகாரர் ஒருவர், ஒரு திருநங்கை, வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு பெண். தெருவில் வாழும் இந்த மூன்று பேருக்கும் கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கு நடுவே ஒரு கைக்குழந்தை கிடைக்கிறது. தற்செயல் நிகழ்வுகள் அளவுக்கு மீறி வருகின்றன என்று குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடிக்கிறது. இவர்களுக்காக உலகம் ஒரு தடவையாவது வளைந்துகொடுக்கட்டும் என்று கோன் முடிவு செய்திருக்கிறார். 46 வயதில் அவர் இறந்துபோனது அனிமேஷனுக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

ஒன்பதாவது பெர்க்மனின் 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' (1982). திரையரங்குப் பதிப்பே மூன்று மணி நேரத்துக்கு மேல், தொலைக்காட்சிப் பதிப்பு ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். ஆரம்பத்தில் அவ்வளவு நீளமாக ஒரு கிறிஸ்துமஸ் விருந்தைக் காட்டுவது வீண் இல்லை. அந்தச் சிவப்பும் சிரிப்பும் நமக்குள் நன்றாக ஊறிய பிறகுதான், அம்மா மறுமணம் செய்துகொண்ட பிஷப்பின் வெறும் சுவர்களுக்குள் ஃபேனியும் அலெக்சாண்டரும் போகும்போது நமக்கும் குளிர்கிறது.

பத்தாவது 'டை ஹார்ட்'. இது கிறிஸ்துமஸ் படமா என்ற சண்டையில் நாயகன் புரூஸ் வில்லிஸே 2018இல் "இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்கு இது கிறிஸ்துமஸ் படம்தான். பிரிந்திருக்கும் மனைவியோடு சேர்ந்துவிடலாம் என்ற நப்பாசையில், தனக்கு யாரையும் தெரியாத அவள் ஆபீஸ் விருந்துக்குப் போய் நிற்கிறான் ஒருவன். அவள் தன் பெயரிலிருந்து அவன் குடும்பப் பெயரை எடுத்துவிட்டிருக்கிறாள். துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டால் மட்டுசெக் நின்ற அதே வாசல் இது. வில்லனாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு இது முதல் திரைப்படம் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

'ஹோம் அலோன்' எங்கே என்று கேட்பீர்கள். தேவாலயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மகனோடு பேச்சு விட்டுப்போனதைச் சிறுவனிடம் சொல்லும் காட்சி மட்டும் ஒரு படமாக இருந்திருந்தால் பட்டியலில் இருந்திருக்கும். திருடர்கள் அடிவாங்கும் பகுதி முதல் தடவைக்கு அப்புறம் எனக்கு ஓடவில்லை.

உண்மையில் வெளியே விட மனசே வராத படம் 'மீட் மி இன் செயின்ட் லூயிஸ்' (1944). அதில் ஜூடி கார்லண்ட் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை முதலில் இதைவிடச் சோகமாக எழுதியிருந்தார்கள். அழுதுகொண்டிருக்கும் சின்னத் தங்கையிடம் இதைப் பாடினால் தன்னைக் கல்மனசுக்காரி என்று நினைப்பார்கள் என்று கார்லண்ட் மறுத்ததால் வரிகளை மாற்றினார்கள். மாற்றியும் சோகம் போகவில்லை. பாட்டு முடிந்ததும் அந்தத் தங்கை ராத்திரி உடையோடு தோட்டத்துக்கு ஓடி, தாங்கள் செய்த பனி மனிதர்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குகிறாள். இதைச் சேர்க்க வேண்டுமானால் 'டை ஹார்ட்' வெளியே போக வேண்டும். இந்த வருடம் அதை எடுக்கப் போவதில்லை. அடுத்த வருடம் மறுபடி இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.